ஐந்து லோஞ்சுக்கு ஒரு சில்லு

திருகோணமலை அன்புவழிபுரத்துக் குணேஸ்வரிக்கு வாய் பெரிது என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. பச்சைப் பொய். வாய் பெரிதாக இருந்திருந்தால் இரத்தினசிங்கம் என்ற மனிதர் நாலு மாரிகாலம் சட்டை கசங்காமல் நடமாடியிருப்பாரா? அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மனிதருக்கே காலையும் பின்னேரமும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சீனி கூடிப்போச்சு என்று அவர் முகம் சுளித்தால் வேறு ஊற்றிக் கொடுத்தாள். அவள் வயிறு எரிந்தது அவருக்கு எங்கே தெரியப்போகிறது? தேத்தண்ணி சூடாக இருந்தால் அவருக்குப் போதும்.

அவள் பிறந்தது பாலையூற்றில். தகப்பன் தபால் கந்தோரில் பியோன். வாழ்க்கைப்பட்டது ஞானசேகரத்துக்கு. அவர் ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உள்துறைமுகக் கரையில் இருந்த படகுப் பட்டறையில் லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகின் எஞ்சின் ஓட்டுநர். நெற்றியில் திருநீறும் நகக்கண்ணில் டீசல் கறுப்பும் எந்த நாளும் அழியாத மனிசன். அவருடைய காது பொல்லாத காது. விறாந்தையில் இருந்து குசினிக்குள் சோற்றுப் பானை கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "குணேஸ், தண்ணி காணாது, அடிப் பிடிக்கப் போகுது" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். சைக்கிளை விட்டிறங்கினால் இரண்டு ரயரையும் அமத்திப் பார்க்காமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். கட்டின புதிதில் அவளுக்கு அது எரிச்சல்கூட. இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் "கவனயீனமானவர்" என்று அரசாங்கத் தாளில் எழுதினார்கள். எழுதினவனின் கை அழுகாதா என்று அவள் கேட்டால் அதில் என்ன பிழை?

நடந்ததை முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

அந்தப் பட்டறையின் பொறுப்பில் ஐந்து லோஞ்சுகள் இருந்தன. படைக்குச் சொந்தமானவை, வெள்ளைக்காரர் காலத்து எஞ்சின். துறைமுகத்தைச் சுற்றிக் காவல் பார்ப்பது, கரையோரக் காவல் நிலைகளுக்குத் தண்ணீரும் சாமானும் கொண்டுபோவது எல்லாம் அவற்றின் வேலை. திருத்தி, ஓட்டுநரும் போட்டுக் கொடுப்பது பட்டறையின் வேலை. அந்த எஞ்சின் சூடேறாமல் இருக்க வேண்டுமென்றால் ஒரு பம்ப் கடல் தண்ணீரை உள்ளே இழுத்து எஞ்சினைச் சுற்ற விட்டு, பக்கத்துக் குழாயால் வெளியே கொட்ட வேண்டும். பம்புக்குள்ளே சுழல்வது ஒரு றப்பர் சில்லு. உள்ளங்கைக்குள் அடங்கும், காற்சட்டைப் பொக்கற்றில் போடலாம். அது தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எஞ்சின் கொதித்து, நடுக்கடலில் நின்றுவிடும். இவ்வளவுதான் விசயம், இந்தச் சின்னச் சாமான்தான்.

சண்டை தொடங்குவதற்கு முன்னம் எஞ்சின் கொம்பனியின் ஏஜன்ட் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். பட்டறையில் எல்லாரும் இருக்கத்தக்கதாகவே சொன்னார்: இந்த மொடல் எஞ்சினைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள், உதிரிச் சாமானும் இனிக் கடைசியாக ஒரே ஒரு முறைதான் வார்ப்பார்கள், லோஞ்சுகள் கிடக்கப்போகிற காலம் முழுவதற்கும் வேண்டியதை இப்போதே எடுத்து வையுங்கள், பிறகு கேட்டால் உலகத்தில் எங்கும் கிடைக்காது. உதிரிச் சாமான் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி இரத்தினசிங்கம். அவர் ஒன்றும் மொக்கர் அல்ல. "ஐஞ்சு வருசத்திலை புது லோஞ்சு வருது. பிறகு இந்தச் சில்லை வைச்சு நான் என்ன, மாலையோ கட்டுறது?" என்று சிரித்தார். ஐந்து வருசத்துக்கு மட்டும் எடுத்தார். வீண்செலவைத் தவிர்த்தவர் என்று மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது.

பிறகு சண்டை வந்தது. புது லோஞ்சுக்கு வைத்த காசு வேறெங்கோ போயிற்று. கண்ணை மூட வேண்டிய கிழட்டு லோஞ்சுகளை "இன்னும் ஒரு வருசம், இன்னும் ஒரு வருசம்" என்று இழுத்தார்கள். இரவு பகலாக ஓட வைத்தார்கள். சில்லுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து முடிந்து, கடைசியில் நல்ல சில்லு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. மற்ற லோஞ்சுகளுக்கு லொறி ரயரை வெட்டிச் சில்லுச் செய்து போட்டார்கள். ரயர் றப்பர் உப்புத் தண்ணீரிலும் சூட்டிலும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? துறைமுகத்துக்குள் குளம்போலக் கிடக்கும் தண்ணீரில் தாங்கும். வெளியே துறைமுக வாசலான முகப்பில் மாரிக்கடல் அடிக்கும்போது எஞ்சினை உரக்க ஓட்டினால் பிய்ந்துவிடும். பட்டறையில் எல்லாருக்கும் இது தெரியும், கந்தோருக்குள் இருந்தவருக்கும் தெரியும்.

இது வரைக்கும் இரத்தினசிங்கத்தை மன்னிக்கலாம். கணக்குப் பிழைக்காத மனிசர் யார்? சண்டை வரும் என்று அவர் கனவா கண்டார்? "ஐயா, என் திட்டம் பிழைத்துவிட்டது, சில்லு இல்லை, இந்த லோஞ்சுகளை நிறுத்துங்கள்" என்று மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குணேஸ்வரிக்கும் அவருக்கும் ஒரு பகையும் இல்லை. சொன்னால் பாராட்டு வாங்கின பெயர் என்னாவது? ஆகவே ஐந்து லோஞ்சும் நல்லபடி ஓடுகின்றன என்றே வருசாவருசம் எழுதினார். எழுதினால் போதுமா, கொழும்பிலிருந்து பரிசோதனைக்கு ஆள் வருமே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழிக்குப் பட்டறைக்காரர் வைத்த பெயர் "தேத்தண்ணி மாத்து".

அது எப்படியென்றால், லோஞ்சுகளை ஒன்றுக்கொன்று எட்டத்தில் கட்டி வைப்பார்கள். பரிசோதகர் வந்து முதலாம் லோஞ்சைப் பார்ப்பார். எஞ்சினை ஓட்டிக் காட்டினால் பக்கத்துக் குழாயால் தண்ணீர் திறந்துவிட்ட பைப்புப்போலக் கொட்டும். ரயர்ச் சில்லு என்றால் மூக்குச் சளிபோல வடியும், பார்த்தவன் உடனே கேட்பான். பார்த்து முடிந்ததும் "ஐயா, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்று இரத்தினசிங்கம் அவரைக் கன்ரீனுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அந்த இடைவெளியில் மெக்கானிக் கிறிஸ்தோபர் நல்ல சில்லைக் கழற்றி, பொக்கற்றில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் இரண்டாம் லோஞ்சில் பூட்டுவான். கழற்றின இடத்தில் பழையபடி ரயர்ச் சில்லு. இரண்டாவதைப் பார்த்தபின் இளநீர். மூன்றாவதுக்குப் பின் பற்றிஸ். நாலாவதுக்குப் பின் வடையும் வாழைப்பழமும். லோஞ்சுக்கொரு பலகாரம்! வந்த கொழும்பு ஐயாமார் வயிறு ஊதிப்போய், திருகோணமலைச் சனம் போல விருந்துபசாரம் எங்கும் இல்லை என்று புகழ்ந்துகொண்டு போவார்கள். பட்டறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஞானசேகரமும் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவர் சிரிக்காமல் வந்த பின்னேரம் ஒன்று இருந்தது. மாரிகாலம். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு வெளியாலை காவல் நிலைக்குத் தண்ணி கொண்டுபோகச் சொல்லியிருக்கு. முகப்பிலை கடல் மலைமாதிரி எழும்புது. அந்த நல்ல சில்லை ஒரு நாளைக்குத் தாங்கோ சேர் எண்டு கேட்டனான். அடுத்த கிழமை பரிசோதனையாம். அது மேசை லாச்சிக்குள்ளையே இருக்கட்டுமாம். கிறிஸ்தோபரும் நிண்டவன்."

"அப்ப நீங்கள் போகாதேங்கோ," என்றாள் குணேஸ்வரி.

"போகாட்டி வேலை போயிடும். மெதுவா ஓடிப் பாக்கிறன்."

அடுத்த நாள் லோஞ்சு முகப்பில் நின்றுவிட்டது. அலை அதைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பாறையில் அடித்தது. எஞ்சினைக் கிளப்பக் கீழே இறங்கியிருந்த ஞானசேகரம் மேலே வரவேயில்லை. சுக்கான் பிடித்த முஹம்மது தம்பியையும் கடல் கொண்டுபோயிற்று. நல்ல சில்லு இரத்தினசிங்கத்தின் மேசை லாச்சிக்குள் பத்திரமாகக் கிடந்தது. உடைந்த லோஞ்சைக் கரைக்கு இழுத்து ஒட்டுப்போட்டு, அடுத்த பரிசோதனைக்கு அதையும் சேர்த்து ஐந்தாகக் காட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாரணை நடந்தது. ஓட்டுநர் சில்லு கேட்டாரா என்று இரத்தினசிங்கத்தைக் கேட்டார்கள். "என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. புறப்படமுதல் பம்பைப் பார்த்திருக்க வேணும். பாக்கேல்லை. அநியாயமா இன்னொரு மனிசனையும் கொண்டு போட்டார்," என்றார் நாக்கூசாமல். கிறிஸ்தோபரைக் கேட்டார்கள். அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். குனிந்த தலை நிமிராமல், சேர் சொன்னதுதான் சரி என்று கையெழுத்து வைத்தான். குணேஸ்வரி வாசலில் நின்று கத்தினாள். புருசனைப் பறிகொடுத்தவள் கத்தத்தானே செய்வாள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரத்தினசிங்கம் செய்ததுதான் கொடுமையிலும் கொடுமை. பெரிய மனசு காட்டினார். இரண்டு விதவைகளுக்கும் பட்டறைக் கன்ரீனில் வேலை வாங்கிக் கொடுத்தார். ஒன்று குணேஸ்வரி. மற்றது முஹம்மது தம்பியின் மனைவி நபீஸா. ஒரே குசினி, ஒரே அடுப்பு. குணேஸ்வரி தேத்தண்ணி போடுவாள், நபீஸா பலகாரம் சுடுவாள். ஆனால் நபீஸா அவளுடைய முகத்தைப் பார்த்ததே இல்லை. தன் மாப்பிள்ளையைக் கொன்றவனின் பெண்சாதி என்றுதான் அவளுக்கு நினைப்பு. குணேஸ்வரி நின்ற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். உப்புப் போத்தல் வேண்டுமென்றாலும் கேட்கமாட்டாள், சுற்றி வந்து எடுப்பாள். ஒருநாள் குணேஸ்வரி, "நபீஸா, அவர் அப்பிடியான ஆள் இல்லை, ஒருக்கா நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்று தொடங்கினாள். நபீஸா எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

வெளியே சந்தையிலும் கோயில் வீதியிலும் இதே கதைதான். "பாவம், புருசன்ரை கவனமில்லாத வேலையாலை ரெண்டு குடும்பம் நாசம்" என்று அவள் காதுபடப் பேசினார்கள். அவரைப் பெற்ற தாய்கூட, மகன் கொஞ்சம் கவனமாய் இருந்திருக்கலாம் என்று ஒப்பாரிக்குள் ஒரு வரி சேர்த்து அழுதாள். அந்த வரி குணேஸ்வரியின் நெஞ்சில் முள்ளாக இருந்தது. செத்தவர் திரும்பி வரப்போவதில்லை. அவருடைய பெயராவது திரும்பி வர வேண்டும். அதைப் பறித்தவர் தன் வாயாலேயே திருப்பித் தர வேண்டும். இதை நினைக்காமல் அவள் ஒரு கோப்பை கழுவியதில்லை.

எப்படிப் பழி தீர்ப்பது? தேத்தண்ணிக்குள் எதையாவது கலந்துவிட்டால் என்ன என்றும் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. அலரி விதை தெருவெல்லாம் கிடக்கிறது. ஆனால் அவர் செத்தால் ஊர் அவரை நல்லவர் என்று சொல்லி எரிக்கும், ஞானசேகரம் கவனயீனமானவராகவே இருப்பார். அது வேண்டாம். பரிசோதனை நாளில் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டால்? கிறிஸ்தோபர் சில்லும் கையுமாகப் பிடிபடுவான். இரத்தினசிங்கம் உடனே "இவன்தான் களவாய்ச் செய்தவன்" என்று அவன் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவுவார். கையில் கிறீஸ் பூசியவன் மேல்தானே எப்போதும் பழி விழுகிறது. ஆகையால் அவள் பொறுத்தாள். வந்த பரிசோதகர்மாருக்கெல்லாம் பலகாரத் தட்டம் நீட்டினாள். அந்த மாத்து நடக்கிற ஒழுங்கைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கினாள். தன் புருசனின் உயிருக்குக் கொடுக்காத சில்லு லோஞ்சு லோஞ்சாக ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு பற்றிஸ் எடுங்கோ ஐயா" என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

நாலாம் வருசப் பரிசோதனையும் மாரிக்குள்ளேயே வந்தது. வந்தவரும் வேறு மாதிரி ஆள். சிங்களவர், வயசுபோனவர், இளமையில் மட்டக்களப்பில் வேலை செய்ததால் தமிழ் நன்றாகப் பேசினார். முதலாம் லோஞ்சைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார். இரண்டாவதைப் பார்த்தார், இளநீர் குடித்தார். மூன்றாவதின் குழாயில் தண்ணீர் கொட்டின கொட்டைப் பார்த்து, "இந்த வயசிலும் இப்படியா!" என்று ஆச்சரியப்பட்டார். பற்றிஸ் தின்னக் கன்ரீனுக்கு வந்து கதிரையில் இருந்தார். யன்னலால் பார்த்தால் கிறிஸ்தோபர் நாலாம் லோஞ்சை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தான். பொக்கற்றில் கை. குணேஸ்வரி அதைக் கண்டாள்.

"இந்த லோஞ்சுகள் மாரியிலும் வெளியே போகுமா?" என்று பரிசோதகர் கேட்டார்.

"எந்தக் கடலுக்கும் போகும் ஐயா," என்றார் இரத்தினசிங்கம், காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு. "எங்கடை பராமரிப்பு அப்பிடி."

குணேஸ்வரி தட்டத்தை மேசையில் வைத்தாள்.

"ஓம் ஐயா, சேர் சொல்லுறது சரி. ஆனா சேர் ஒரு நாளும் ஏறிப் போனதில்லை. இப்ப பார்த்தீங்களே மூண்டாம் நம்பர், அது நல்லா ஓடுது எண்டு நீங்களே சொன்னீங்கள். சேரையும் கூட்டிக்கொண்டு அதிலை முகப்பு மட்டும் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்."

இரத்தினசிங்கத்தின் கால் கீழே இறங்கியது. "இதென்ன விசர்க் கதை? நீ போய் உன்ரை வேலையைப் பார்," என்றார்.

பரிசோதகரோ சிரித்தார். "அம்மா சொல்வது நல்ல யோசனைதான். வருசாவருசம் கரையில் நின்று எஞ்சினைப் பார்த்துவிட்டுப் போகிறோம். நான் அந்த முகப்பைப் பார்த்ததே இல்லை."

"படையின்ரை அனுமதி வேணும் ஐயா. லேசிலை கிடையாது."

"காலையிலேயே எடுத்துவிட்டேன். ஐந்துக்கும் எடுத்திருக்கிறேன். வாருங்கள்."

குணேஸ்வரி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். எல்லாருக்கும் முன்னால் இறங்கி நடந்தாள். துறையடிக்குப் போய், மூன்றாம் லோஞ்சின் விளிம்பில் கால் வைத்து, உள்ளே ஏறி, எஞ்சின் மூடிக்குப் பக்கத்துப் பலகையில் குந்திக்கொண்டாள். அவளுடைய புருசன் இறங்கினது மாதிரியே ஒரு ஓட்டை அங்கே கறுப்பாகத் திறந்து கிடந்தது. அதற்குள் இப்போது இருப்பது ரயர்ச் சில்லு என்பது அவளுக்குத் தெரியும். முகப்பில் நிற்கும் என்றும் தெரியும். நின்றால் நிற்கட்டும், தானும் போய், பக்கத்தில் அவரையும் இருத்திக்கொண்டு போவது என்றுதான் முடிவு கட்டியிருந்தாள். பரிசோதகர் என்ன பாவம் செய்தார்? அதை அவள் நினைக்கவேயில்லை. பழிவெறி ஏறிப்போனவளுக்கு மற்ற மனிசரின் முகம் தெரிவதில்லை.

"வாங்கோ சேர்," என்றாள். "பக்கத்திலை வந்து இருங்கோ."

கதை கேட்டுப் பட்டறை முழுக்கக் கரையில் கூடிவிட்டது. நாலாம் லோஞ்சிலிருந்து கிறிஸ்தோபர் ஓடி வந்தான். நடக்கப்போவது விளங்கி, செத்த முகத்தோடு நின்றான். கன்ரீனில் இருந்து நபீஸாவும் கை மாவோடு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

இரத்தினசிங்கம் கரை விளிம்பில் நின்று துவாயால் கழுத்தைத் துடைத்தார். கடல் மோசம் என்றார். மழை வரப்போகுது என்றார். தனக்குப் பிறஷர், டொக்டர் கடலில் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றார்.

"சரி, நீங்கள் நில்லுங்கள். நான் போய் வருகிறேன்," என்று பரிசோதகர் சப்பாத்துக் காலை லோஞ்சில் வைத்தார். கிறிஸ்தோபர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

இரத்தினசிங்கம் பாய்ந்து பரிசோதகரின் கையைப் பிடித்தார். "வேண்டாம் ஐயா! அது நிக்கும்!"

"எது நிற்கும்?"

"எஞ்சின். முகப்பிலை நிண்டுபோகும்."

"இப்போதுதானே பார்த்தேன்? தண்ணீர் கொட்டியதே?"

பரிசோதகர் கையை உதறவில்லை. "சொல்லுங்கள்," என்றார் மெதுவாக. அந்த மெதுவுக்குத்தான் மனிதர் உடைந்தார். ஒரு சில்லுதான் இருக்கிறது, அதைத்தான் மாற்றி மாற்றிப் பூட்டுகிறோம், மற்றதெல்லாம் ரயர், ஏஜன்ட் வந்த காலத்தில் தான்தான் குறைத்து எடுத்தது என்று எல்லாம் வந்தது. கேட்டவர்கள் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அவர் வாயால் வருகிறதே என்றுதான் வாய் பிளந்து நின்றார்கள்.

குணேஸ்வரி லோஞ்சுக்குள் எழுந்து நின்றாள். "ரயர்ச் சில்லு முகப்பிலை தாங்காது எண்டு இண்டைக்குத் தெரியுது. அண்டைக்குத் தெரியாதோ சேர்?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். என்ரை மனிசன் போன அண்டைக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"அவர் வந்து நல்ல சில்லைக் கேட்டவரோ, இல்லையோ?"

"கேட்டவர்."

"என்ன சொன்னீங்கள்?"

"பரிசோதனை வருது... லாச்சியிலை இருக்கட்டும் எண்டனான்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ. பலமாச் சொல்லுங்கோ. பின்னாலை நபீஸா நிக்கிறா, அவவுக்குக் கேட்டிராது."

கூட்டம் விலகியது. இரத்தினசிங்கம் திரும்பி நபீஸாவைப் பார்த்தார். இன்னொரு முறை சொன்னார். "ஞானசேகரம் சில்லுக் கேட்டவர். நான் குடுக்கேல்லை. லாச்சிக்குள்ளை வைச்சிருந்தனான்."

கிறிஸ்தோபர் விம்மி அழத் தொடங்கினான். "நானும் நிண்டனான், அவர் கேட்டதைக் கேட்டனான்," என்று யாரும் கேளாமலே சொன்னான். அவனைக் குணேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குரியது பிறகு.

இரத்தினசிங்கம் இரண்டு கையையும் கூப்பினார். முதலில் நபீஸாவிடம்தான் போனார். அவள் சாது, அவளிடம் இரக்கம் கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளு," என்றார்.

நபீஸா மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"நாலு வருசமா அந்தப் பொம்பிளையின்ட மூஞ்சிய நான் பார்க்கல்ல சேர். ஒரே குசினிக்குள்ள நிண்டும் பார்க்கல்ல. அவட புருசன்தான் என்ட மாப்பிள்ளையக் கடல்ல தள்ளினவர் எண்டு நெனச்சு, தொழுதிட்டு எழும்பக்குள்ள எல்லாம் அந்த மனிசனுக்குச் சாபம் போட்டன். மௌத்தாகிப் போன மனிசனுக்கு. சில்லுக் கேட்டு வந்த மனிசனுக்கு! அந்தச் சாபத்த எல்லாம் நான் இப்ப எங்க போய்த் திருப்பி எடுக்கிற? சொல்லுங்க. அத எடுத்துக் கொண்டுவந்து என்ட கையில தந்திட்டு, பொறகு மன்னிப்புக் கேளுங்க."

பரிசோதகர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரத்தினசிங்கம் கூப்பின கையோடு மறுபக்கம் திரும்பினார். லோஞ்சுக்குள் நின்ற குணேஸ்வரியைப் பார்த்தார். "குணேஸ்வரி, நீராவது..."

"நானோ சேர்?" என்றாள் அவள். "நான் உங்களை இதிலை ஏத்திக்கொண்டு போகத்தான் வந்தனான்."

அவர் அப்படியே கரைக்கல்லில் குந்திவிட்டார். யாரும் கதிரை கொண்டுவரவில்லை.